குருதிப் புற்றுநோயும் குழந்தையின் காய்ச்சலும்

குழந்தைகளைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது லியூக்கேமியா எனப்படும் குருதிப் புற்றுநோயாகும். இந்நோயின் பெயரைக் கேட்டமாத்திரத்தே மரணத்தை எண்ணும் வழக்கம் கற்றோரிடையேயும் இன்னும் மறைந்துவிடவில்லை. ஆயினும் அம்மரணம் எவ்வழியால் நிகழ்கின்றது என்ற வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. புற்றுநோய் கொன்றது என்று கூறி அமைந்துவிடுகின்றோம். மருத்துவ வரலாறு தரும் விடை வேறு. அமெரிக்காவின் பெதெஸ்டா நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவகத்தில் 1954 தொடக்கம் 1963 வரையான பத்தாண்டுகளில் கடுமையான லியூக்கேமியாவினால் இறந்த 414 நோயாளரின் மரண காரணங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 1965 இல் வெளிவந்தது. அம்மரணங்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தொற்றும் குருதிப்பெருக்குமே என அது காட்டியது. குருதிச் சிறுதட்டுகளைப் பிரித்தெடுத்து ஏற்றும் முறை வழக்குக்கு வந்தபின்னர் குருதிப்பெருக்கினால் நிகழ்ந்த மரணங்கள் குறையலாயின. எஞ்சி நின்ற பெரும் பகைவன் தொற்று. அதன் வருகையை அறிவிக்கும் தூதுவன் காய்ச்சல்.

சாதாரணக் குழந்தையொன்றுக்கு ஆண்டில் பலமுறை காய்ச்சல் வருவதுண்டு. அவற்றுட் பெரும்பாலானவை தாமாகவே தணிந்து போகின்றன. ஆனால் லியூக்கேமியாவுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு வரும் காய்ச்சல், தீப்பற்றிய வீட்டிலிருந்து எழும் முதற் புகையை ஒத்தது. இரண்டுக்குமிடையே இத்துணை வேறுபாடு எதனால் ஏற்பட்டது என்பதையும், இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வதற்கு மருத்துவம் கொடுத்த விலையையும், அறிந்த பின்னரும் எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வறிவின் பயன் ஏன் கிட்டவில்லை என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது குருதியின் கலங்கள் யாவும் என்புகளினுள்ளே உள்ள மச்சையிற் பிறக்கின்றன. ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்களும், குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகளும், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களும் ஒரே வயலில் விளையும் பயிர்கள். லியூக்கேமியாவில், முதிர்ச்சியடையாத வெண்குழிய வகையொன்று கட்டுப்பாடின்றிப் பெருகி அவ்வயல் முழுவதையும் களைபோல் மூடிவிடுகின்றது. குழந்தைகளில் இவ்வாறு பெருகுவது பெரும்பாலும் நிணநீர்க்குழிய வகையாகும். வெண்குழியங்களின் மொத்தத் தொகை பல்லாயிரமாக உயர்ந்திருக்கலாம். ஆயின் அவற்றுட் போரிடும் திறன் வாய்ந்தவை மிகச் சிலவே. படைவீரர் உடையணிந்த கூட்டம் பெரிது, படையோ இல்லை என்பதுபோன்ற நிலை இது. குழந்தை வெளிறுவதும், உடலிற் கன்றிய புள்ளிகள் தோன்றுவதும், கால் என்புகள் நோவதும், காரணம் புலப்படாக் காய்ச்சல் தொடர்வதும் இந்நெருக்கடியின் வெளிப்பாடுகளே.

சிகிச்சை தொடங்கியதும் நிலைமை உடனே சீர்படும் என்று எண்ணுதல் தவறு. புற்றுக்கலங்களை அழிக்கும் இரசாயன மருந்துகள் விரைந்து பிரியும் கலங்கள் அனைத்தையும் தாக்குபவை. மச்சையில் எஞ்சியிருக்கும் நற்கலங்களும் வாய்க்குழி, குடல் ஆகியவற்றின் உள்மென்படைக் கலங்களும் அத்தகையனவே. எனவே களையைப் பிடுங்கும்போது பயிரும் சாய்கின்றது. நிணநீர்க்குழியங்களை அடக்கும் பொருட்டு வழங்கப்படும் ஸ்ரெரோயிட் வகை மருந்துகள் நிர்ப்பீடனத்தை மேலும் தளர்த்துவதோடு, சில வேளைகளில் காய்ச்சலையே மறைத்தும் விடுகின்றன.

எதிர்க்கும் வெண்குழியங்களுள் முதலில் களத்திலிறங்குபவை நியூற்றோபில்கள் என்னும் தின்குழியங்கள். பற்றீரியாக்களையும் பங்கசுக்களையும் விழுங்கி அழிப்பது இவற்றின் தொழில். குருதிச் சுற்றோட்டத்தில் இவை ஒரு நாள் அளவுகூட வாழ்வதில்லை. ஆதலின் மச்சை இடைவிடாது புதியவற்றை அனுப்பிக்கொண்டிருத்தல் வேண்டும். உற்பத்தி நின்றால் களஞ்சியம் மிக விரைவிலே வெறுமையாகும். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இவற்றின் தொகைக்கும் தொற்றுக்குமுள்ள தொடர்பை எண்களால் முதன்முதல் தெளிவாக நிறுவியவர், மேற்கூறிய நிறுவகத்திற் பணியாற்றிய ஜெரால்ட் போடியும் அவருடைய சகாக்களும் ஆவர். 1966 இல் வெளியான அவ்வாய்வின்படி, தொகை 1000 இற்குக் கீழே இறங்க இறங்கத் தொற்றின் ஆபத்து ஏறிச் செல்கின்றது. 100 இற்குக் கீழே அது மிக உயர்ந்து காணப்படுகின்றது. அத்தாழ்நிலை எத்தனை நாள் நீடிக்கின்றது என்பதும் சமமான முக்கியத்துவமுடையது. இன்று உலகெங்கும் 500 என்னும் எண் எச்சரிக்கைக் கோடாகக் கொள்ளப்படுகின்றது. வைத்தியசாலைக்குப் பழகிய பெற்றோர், தம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அடுத்தபடியாக நினைவில் வைத்திருப்பது இந்த எண்ணையே எனலாம்.

இக்குழந்தைகளைத் தாக்கும் கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? வெளியிலிருந்து வருகின்றன என்று கருதி, குழந்தையை அறையினுட் பூட்டி, உறவினரை வாசலிலே நிறுத்தி, பச்சைக் காய்கறியையும் பழத்தையும் விலக்கிவிடுவோர் பலர். உண்மையில், பற்றீரியாத் தொற்றுகளிற் பெரும்பகுதி குழந்தையின் உடலிலேயே காலங்காலமாகக் குடியிருக்கும் நுண்ணங்கிகளால் விளைபவை. குடலிலே தீங்கின்றி வாழும் ஈ-கோலை, கிளெப்சியெல்லா முதலியனவும் வாயிலுள்ள ஸ்ரெப்ரோகொக்கசுக்களும் தோலிலுள்ள ஸ்ரபைலோகொக்கசுக்களும், மருந்தினாற் புண்பட்ட மென்படையின் வழியாகவோ நாளத்திற் செருகப்பட்ட குழாயின் வழியாகவோ குருதியினுள் நுழைகின்றன. வாயிற்காவலன் இல்லாத வேளையில் வீட்டிலுள்ளோரே கொள்ளையராகும் கதை இது. கைகழுவுதல், கொதித்தாறிய நீர், நன்கு சமைத்த உணவு, சுத்தமான வாய் ஆகியவற்றின் அவசியம் இதனாற் குறைந்துவிடவில்லை. ஆனால் சிறுவரிடையே நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஒப்பீட்டாய்வொன்று, பச்சை உணவுகளை முற்றாக விலக்கும் கடும் பத்தியம், பொதுவான உணவுப் பாதுகாப்பு முறைகளைவிடக் கூடுதலாகத் தொற்றைத் தடுக்கவில்லை என்று கண்டது. உணவின்மீது வெறுப்புற்று மெலிந்து வரும் பிள்ளையின் தட்டிலிருந்து வாழைப்பழத்தையும் பறிப்பதிற் பொருளில்லை.

இந்நோயாளரின் தொற்றுக்குரிய இன்னொரு தனித்தன்மை, அது ஓசையின்றி வருதலாகும். புண்ணொன்று பழுத்துச் சீழ்கட்டுவதை நாம் கிருமியின் வேலை என்று கருதுகின்றோம். அது கிருமியோடு போரிட்டு மடிந்த நியூற்றோபில்களின் குவியல். போரிடுவோர் இல்லையெனிற் சீழுமில்லை. சிவப்பும் வீக்கமும் குறைவு. சுவாசப்பையிற் பரவிய தொற்றுக்கூட எக்ஸ்-கதிர்ப் படத்தில் நிழலாக விழாதிருக்கலாம். 1959 இல் பொஸ்ரன் நகரில் ஜோன் எண்டர்சும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கொரு சிறந்த சான்று. லியூக்கேமியா முதலிய நோய்களுடையவராயிருந்து இராட்சதக் கல நியூமோனியாவினால் இறந்த சிறுவரின் சுவாசப்பைகளிலிருந்து அவர்கள் சின்னமுத்து வைரசைப் பிரித்தெடுத்தனர். அச்சிறுவரின் உடலிலோ சின்னமுத்துக்குரிய தடிப்புகள் தோன்றவேயில்லை. தடிப்பை உண்டாக்குவது வைரசன்று, அதனை எதிர்க்கும் நிர்ப்பீடனமே என்பது இதனாற் புலனாயிற்று. நோயின் அடையாளங்கள் என்று பாடநூல்கள் வகுத்தவை பல, உடலின் எதிர்ப்பினது அடையாளங்களே. எதிர்ப்பு அற்றுப்போன உடலில் மிஞ்சும் ஒரேயோர் அடையாளம் பெரும்பாலும் காய்ச்சல்தான்.

இதனை உணர்ந்த பின்னரும் மருத்துவ உலகம் நெடுநாள் ஒரு பழைய ஒழுங்கினைக் கைவிடத் தயங்கியது. முதலிற் கிருமியை இனங்காண். பின்னர் அதற்கேற்ற மருந்தைக் கொடு என்பதே அவ்வொழுங்கு. அறிவியல் நோக்கில் இதிற் குறை காண்பது அரிது. குருதியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுக் கிருமி வளரும்வரை காத்திருந்து, எம்மருந்துக்கு அது பணியும் என்று அறிந்து மருந்திட வேண்டும். இதற்கு ஒன்றிரண்டு நாட்களாவது செல்லும். நியூற்றோபில்கள் அற்ற குழந்தைக்கோ அந்நாட்கள் இல்லை. சூடோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் குருதியினுட் புகுந்தால், வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்து சேருமுன்னரே நோயாளி அதிர்ச்சி நிலையடைந்து இறந்துவிடுதல் அக்காலத்திற் சாதாரண நிகழ்ச்சி. சரியான விடை தாமதமாக வந்தது. வந்தபோது வினாவே இல்லாமற் போயிருந்தது.

பால்ற்றிமோர் நகரில் ஸ்ரீபன் ஷிம்ப்பும் சகாக்களும் 1971 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வொழுங்கினைத் தலைகீழாக்கியது. நியூற்றோபில்கள் குறைந்த புற்றுநோயாளருக்குக் காய்ச்சல் கண்டவுடன், கிருமி எதுவென்று அறியக் காத்திராமல், காபெனிசிலின், ஜென்ராமைசின் ஆகிய இரு மருந்துகளையும் அவர்கள் ஒருங்கே நாளத்தினூடாகச் செலுத்தினர். குருதி மாதிரியை முதலில் எடுத்துக்கொண்டனர். ஆனால் முடிவுக்காக நிற்கவில்லை. இரு மருந்துகளும் சூடோமோனாசு உட்படப் பலவகைப் பற்றீரியாக்களைத் தாக்கவல்லவை. விளைவு மிகத் தெளிவாயிருந்தது. அன்றிலிருந்து மருந்துகளின் பெயர்கள் பலமுறை மாறியுள்ளன, முறை மாறவில்லை. நான்கைந்து நாட்களுக்குப் பின்னும் காய்ச்சல் தணியாவிடின் பங்கசுவை ஐயுற்று அதற்கெதிரான மருந்தைச் சேர்ப்பதும், ஆபத்துக் குறைந்த குழந்தைகளை விரைவில் வீட்டுக்கு அனுப்புவதும் பிற்காலத்தில் இதனோடு இணைந்தன. அறியாமையை ஒப்புக்கொண்டு செயற்படுவது அறிவியலுக்கு மாறானதன்று என்பதற்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இனி, இவ்வரலாற்றின் மிகவும் வேதனை தரும் பகுதிக்கு வருவோம். 1947 ஆம் ஆண்டின் இறுதியில் பொஸ்ரனில் சிட்னி பார்பர், போலிக்கமிலத்தின் எதிரியாகிய அமினோப்ரெரின் என்னும் மருந்தினால் லியூக்கேமியாக் குழந்தைகளிற் சிலரைத் தற்காலிகத் தணிவுநிலைக்குக் கொணர்ந்தார். பதினாறு பேரிற் பத்துப் பேர் பயன் கண்டனர். அம்மருந்து உருவான ஆய்வுகூடத்தின் தலைவர், ஆந்திரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம்மவரிற் பலர் இன்றும் அறியார். தணிவு சில மாதங்களே நீடித்தது. 1962 இல் மெம்பிசு நகரில் திறக்கப்பட்ட சென்ற் ஜூட் சிறுவர் ஆராய்ச்சி வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கலின் தலைமையில் பல மருந்துகளையும் கதிர்ச்சிகிச்சையையும் இணைத்து வகுக்கப்பட்ட முழுமைச் சிகிச்சை, அறுபதுகளின் இறுதியில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளை நிரந்தரமாகக் குணப்படுத்தும் நிலையை எட்டியது. அவ்வேளையிலேதான் புதியதொரு மரணம் தலைகாட்டிற்று. புற்றுக்கலம் ஒன்றேனும் காணப்படாத, தணிவுநிலையிலிருந்த குழந்தைகள் இறக்கலாயினர். 1972 இல் அவ்வைத்தியசாலையைச் சேர்ந்தோர் தணிவுநிலை மரணங்களைப் பற்றியே தனிக்கட்டுரை எழுத நேர்ந்தது. நோய் போயிற்று, நோயைப் போக்கிய சிகிச்சை திறந்துவிட்ட வாயிலால் தொற்றுப் புகுந்தது.

அவற்றுள் முதன்மையானது நியூமோசிஸ்ரிஸ் என்னும் நுண்ணங்கியால் விளையும் நியூமோனியா. இது பெரும்பாலோரின் சுவாசப்பையைக் குழந்தைப் பருவத்திலேயே எட்டிப்பார்த்துத் தீங்கின்றி அடங்கிவிடுவது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஐரோப்பாவில், ஊட்டக்குறைவுற்ற அநாதைக் குழந்தைகளிடையே இது கொள்ளைநோய்போற் பரவியதுண்டு. வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சு விரைதல், உதடு நீலித்தல் என இது முன்னேறுகின்றது. மெம்பிசில் வால்ற்றர் ஹியூஸ், கோற்றிசோன் ஊட்டிய எலிகளில் இந்நோயைத் தோற்றுவித்து மருந்துகளைப் பரிசோதித்தார். 1977 இல் அவர் குழுவினர் வெளியிட்ட முடிவுகள் மருத்துவ ஆய்வுகளிற் காண்பதற்கரிய தெளிவுடையவை. புற்றுநோயுடைய 160 குழந்தைகளை இரு சமபகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குக் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரையும் மறுபகுதியினருக்கு வெற்று மாத்திரையும் அளித்தனர். வெற்று மாத்திரை பெற்ற 80 பேரில் 17 பேருக்கு இந்நியூமோனியா கண்டது. மருந்து பெற்ற 80 பேரில் ஒருவருக்கேனும் காணவில்லை. கிழமையில் மூன்று நாட்கள் கொடுத்தாலே போதுமென்று பத்தாண்டின் பின் அவர்களே நிறுவினர்.

சளிக்கும் சிறுநீர்த்தொற்றுக்கும் எந்தச் சிற்றூர் மருந்தகத்திலும் கிடைக்கும் மலிவான மாத்திரை இது. 1981 இல் லொஸ் ஏஞ்சலிசு நகரில் ஐந்து இளைஞருக்கு இதே நியூமோனியா கண்டதாக வெளிவந்த அறிக்கையே எயிட்சு நோய் பற்றிய முதல் அறிவித்தலாயிற்று. பின்னர் அந்நோயாளரிற் பல்லாயிரவரைக் காத்த இம்மாத்திரையின் பயன், மெம்பிசுக் குழந்தைகளிடமிருந்து கற்கப்பட்டதாகும்.

வைரசுத் தொற்றுகளுட் கொப்புளிப்பான் தனியே நோக்கத்தக்கது. சாதாரணப் பிள்ளைக்கு ஒரு கிழமைத் தொல்லையாக முடியும் இந்நோய், சிகிச்சை பெறும் லியூக்கேமியாப் பிள்ளையின் சுவாசப்பை, ஈரல், மூளை வரை பரவக்கூடியது. அசைக்ளோவிர் மருந்து வழக்குக்கு வருமுன்னர், 1975 இல் சென்ற் ஜூட் வைத்தியர் வெளியிட்ட கணக்கின்படி, புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்தபோது கொப்புளிப்பான் கண்ட 60 குழந்தைகளுள் 19 பேருக்கு அது உள்ளுறுப்புகளிற் பரவியது, நால்வர் இறந்தனர். நமது சமூகத்தில் இது அம்மாள் வருத்தம். வாசலில் வேப்பிலை செருகப்படும், மருந்து விலக்கப்படும், வைத்தியரிடம் செல்வது தெய்வக் குற்றமாகக் கருதப்படும். இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. வேப்பிலை கண்ட அயலவர் அவ்வீட்டினுட் செல்லார், நோயாளி தனித்திருப்பார். தொற்றைத் தடுக்கும் சமூக ஏற்பாடாக அது நெடுங்காலம் தொழிற்பட்டிருக்கின்றது. லியூக்கேமியாப் பிள்ளையுள்ள குடும்பத்துக்கு அயல்வீட்டு வேப்பிலை இன்றும் பயனுள்ள செய்தியே. ஆனால் அப்பிள்ளைக்கே கொப்புளிப்பான் கண்டால், அல்லது கண்டவரோடு அது விளையாடியிருந்தால், வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கேடு விளைப்பது. பிறபொருளெதிரி ஊசி தொடர்பேற்பட்ட முதற் சில நாட்களுக்குள்ளேயே நன்கு பயன்படும். அசைக்ளோவிரும் முந்தினால்தான் நற்பயன் தரும். 1974 இல் யப்பானில் மிச்சியாக்கி தக்காகாசி உருவாக்கிய தடுப்பூசி உயிருள்ள வைரசைக் கொண்டதாகையால் தீவிர சிகிச்சையிலுள்ள பிள்ளைக்கு ஏற்றதன்று. அதன் சகோதரருக்கு இடுவதால் பிள்ளைக்குக் காப்புக் கிடைக்கும். சின்னமுத்துக்கும் இதுவே பொருந்தும். இலங்கையில் 1984 இல் அறிமுகமான சின்னமுத்துத் தடுப்பூசியின் பயனாக, 2019 இல் இந்நாடு அந்நோயை ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அயலிலுள்ள பிள்ளைகள் அனைவரும் ஊசி பெற்றிருப்பதே, ஊசி பெறவியலாத இப்பிள்ளைக்குரிய சுவர்.

காய்ச்சல் கண்ட வீட்டில் நடப்பதென்ன என்பதை இங்கு சிறிது விரிவாக நோக்குதல் தகும். நம் நாட்டில் காய்ச்சலின் முதல் மருந்து பனடோல். நெற்றியைத் தொட்டுப் பார்த்த தாய் அடுத்ததாகத் தொடுவது அந்தப் பெட்டியைத்தான். நியூற்றோபில் குறைந்த பிள்ளைக்கு, வெப்பநிலையை அளந்து எழுதிவைக்காமற் பனடோலைக் கொடுத்தால், உள்ளதோர் எச்சரிக்கை மணியையும் நாமே அணைத்துவிட்டவராவோம். காய்ச்சல் தணிந்ததென்று அன்றிரவு உறங்கிவிடுவர், கிருமி உறங்காது. 38 பாகை செல்சியசு, அதாவது 100.4 பாகை பரனைற்று, ஒரு மணிநேரம் நீடித்தாலோ, ஒரேயொரு முறை 38.3 பாகையை எட்டினாலோ புறப்பட்டுவிட வேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் வரையறை. நீடிக்கும்வரை காத்திராது 38 பாகையிலேயே அழைத்துவரச் சொல்லும் வைத்தியசாலைகளும் உள. வெப்பமானி அக்குளிலோ வாயிலோ வைக்கப்படலாம். மலவாயில் வைத்தலும் அவ்வழியே மருந்திடுதலும் கூடா, ஏனெனில் அவ்விடத்துச் சிறு கீறலொன்றே குடற்கிருமிகளுக்குக் கதவாகும். அஸ்பிரின் சிறுதட்டுகளின் வேலையைக் கெடுப்பதாற் கண்டிப்பாக விலக்கப்படுகின்றது. காய்ச்சலின்றியே குளிர்நடுக்கமோ, வழமைக்கு மாறான சோர்வோ கண்டாலும் அது காய்ச்சலுக்குச் சமம்.

டெங்கு நமக்குக் கற்பித்த பாடமொன்றும் இவ்விடத்திற் குறுக்கே நிற்கின்றது. 2017 ஆம் ஆண்டின் பெருந்தொற்றின் பின்னர், காய்ச்சல் என்றால் பனடோலும் நீராகாரமும் கொடுத்து ஓய்வாக வைத்திருந்து, மூன்றாம் நாள் குருதிப் பரிசோதனை செய்து சிறுதட்டு எண்ணிக்கையைப் பார்ப்பது என்னும் ஒழுங்கு நகரம் கிராமமென்ற வேறுபாடின்றி வேரூன்றிவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம். இப்பிள்ளைக்கு மூன்றாம் நாள் என்பது மிகவும் பிந்திய நாள். அன்போடும் பொறுப்போடும் செய்யப்படும் ஒரு காரியமே கேடாக முடிவதுண்டு. பெற்றோரைக் குறைகூறுமுன்னர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆகவே வினா மருந்தைப் பற்றியதாகத் தொடங்கி நேரத்தைப் பற்றியதாக மாறுகின்றது. வைத்தியசாலையை அடைந்த ஒரு மணிநேரத்தினுள் முதல் மருந்து செலுத்தப்பட வேண்டுமென்பது இன்று பல நாடுகளின் இலக்கு. ஆனால் வைத்தியசாலையின் கடிகாரம் தொடங்குமுன்னரே வீட்டின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகின்றது. மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோரில், புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் சிறுவருக்குக் காய்ச்சல் கண்ட நேரத்திலிருந்து மருந்து கிடைக்கும் நேரம்வரை அளந்த ஆய்வொன்று 2012 இல் வெளியாயிற்று. எவருடைய குழந்தைகள் பிந்தி வந்தனர்? வறிய குடும்பத்தினதும் எழுத்தறிவற்ற பெற்றோரினதும் தூரத்து ஊர்களினதும் குழந்தைகள். பிந்தியவரிடையே தொற்றின் கடுமையும் மரணமும் கூடியிருந்தன. கிருமிக்கு வர்க்கபேதம் தெரியாது என்பர். கிருமிக்குத் தெரியாதிருக்கலாம், பேருந்து அட்டவணைக்கு அது நன்கு தெரியும்.

இது மாற்றவியலாத விதியன்று என்பதற்குப் பிரேசிலின் வடகிழக்கிலுள்ள ரெசீபே நகரம் சான்று. வறுமை மிக்க அப்பிரதேசத்தில், எண்பதுகளிற் சிகிச்சை தொடங்கிய லியூக்கேமியாக் குழந்தைகளுள் நோய் மீளாது ஐந்தாண்டு கடந்தோர் 32 சதவீதத்தினர்; சிகிச்சையை இடைநடுவிற் கைவிட்டோர் 16 சதவீதத்தினர். தனிச் சிறுவர் பிரிவு, பயிற்றப்பட்ட தாதியர், தொற்றுக் கட்டுப்பாடு, வைத்தியசாலைக்கு அண்மையிற் குடும்பங்களுக்குத் தங்குமிடம், பயணத்துக்கும் உணவுக்கும் உதவி ஆகியன ஏற்பட்டபின், 1997 முதல் 2002 வரையான காலத்தில் முன்னைய எண் 63 சதவீதமாக உயர்ந்தது. கைவிட்டோர் ஒரு சதவீதத்திலும் குறைந்தனர். இவ்வேற்பாடுகளிற் பாதி, மருந்தகத்திற் கிடைப்பனவல்ல. செல்வந்த நாடுகளில் புற்றுநோயுடைய குழந்தைகளுள் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்தினர்கூடக் குணமடைவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதன் உட்பொருளை ரெசீபே விளக்குகின்றது.

இலங்கையில் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். இது அற்பமான சாதனையன்று. அத்தியாவசிய மருந்துகளைப் பொதுப்பெயரில் மலிவாக இறக்குமதி செய்யும் கொள்கையை வகுத்து, 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலேயின் பணியை இத்தொடர்பில் நினைவுகூராமலிருக்க முடியாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, அக்கொள்கை எவ்வளவு தூரம் தளர்ந்துவிட்டது என்பதையும் கண்டோம். இன்னோர் அச்சுறுத்தல் நம் கைகளிலேயே இருக்கின்றது. தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் வைத்தியரின் சிட்டையின்றி வாங்கி விழுங்கப்படும் நுண்ணுயிர்கொல்லிகள், மருந்துக்குப் பணியாத பற்றீரியாக்களைச் சமூகத்திற் பெருக்குகின்றன. அவை நியூற்றோபிலற்ற குழந்தையின் குடலிலும் குடியேறுகின்றன. ஷிம்ப் காட்டிய வழி, முதலிற் செலுத்தும் மருந்து வேலை செய்யும் என்ற எடுகோளின்மீது நிற்பது. அவ்வெடுகோள் பொய்த்தால் 1971 இற்கு முந்திய நிலையே மீளும்.

தூரத்தின் கேள்வி எஞ்சியுள்ளது. சிறுவர் புற்றுநோய்ச் சிகிச்சையின் பெரும் நிலையம் மகரகமவிலே உள்ளது. முல்லைத்தீவிலோ மொனராகலையிலோ மலையகத் தோட்டமொன்றின் மேற்கணக்கு லயத்திலோ இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் கண்ட பிள்ளையின் தந்தை, விடியும்வரை காத்திருந்து, முற்பணம் பெற்று, இரண்டு பேருந்து மாறி அங்கு போய்ச் சேரும்போது மறுநாள் பிற்பகலாகியிருக்கும். அவ்விரவிலேயே அவர் நாடக்கூடிய ஆதார வைத்தியசாலையோ மாவட்ட வைத்தியசாலையோ பெரும்பாலும் சில மைல்களுக்குள் இருக்கின்றது. அங்கு குருதி மாதிரி எடுக்கலாம். நாளத்தினூடாக மருந்து செலுத்தலாம். முதல் மாத்திரையளவை அங்கேயே கொடுத்துவிட்டு, அதன்பின் நோயாளர் காவு வண்டியில் அனுப்புவதே முறை. அனுப்பிவிட்டு அங்கே மருந்து கொடுப்பர் என்றிருத்தல் முறையன்று. இதற்கு வேண்டியது புதிய கட்டடமன்று. சிகிச்சை தொடங்கிய நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் கையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும். பிள்ளையின் நோய், நிறை, கடைசியாக இரசாயனச் சிகிச்சை பெற்ற திகதி, ஒவ்வாத மருந்து, காய்ச்சலெனில் உடனே செலுத்த வேண்டிய மருந்தின் பெயரும் அளவும், எந்நேரமும் அழைக்கக்கூடிய விடுதியின் தொலைபேசி எண் ஆகியன அதில் மும்மொழியிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இரவுக் கடமையிலிருக்கும் இளம் வைத்தியர் லியூக்கேமியாப் பிள்ளையொன்றை அதற்குமுன் கண்டிராதிருக்கலாம். வரிசையில் நிற்கவிடாமல் அப்பிள்ளையை உள்ளே எடுப்பதற்கும், எண்ணிக்கை அறிக்கை வரும்வரை காத்திராமல் ஊசியை ஏற்றுவதற்கும் அத்தாள் அவருக்குத் துணிவைக் கொடுக்கும்.